அடம் அன்று, அச்சம்

சிறுநீர்ப்பையில் குழாய் செலுத்தி எடுக்கப்படும் எக்ஸ்ரே பரிசோதனை, முன்தோல் நீக்கம் போன்றவை முடிந்து வீடு திரும்பும் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுள் சிலர் மணிக்கணக்கில் சிறுநீர் கழிக்க மறுப்பதுண்டு. பெரியவர்கள் பலர் இதனை அடம் என்றே கொள்கின்றனர். இது அடம் அன்று, அச்சம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. இந்த வேறுபாட்டை உணர்ந்துவிட்டால், குழந்தையை நாம் நடத்தும் விதமும் மாறிவிடும்.

குழாய் சென்று வந்த பாதையின் உட்பரப்பு ஓரிரு நாள் புண்பட்டது போல் இருக்கும். முதல் துளி இறங்கும்போதே எரிகிறது. உடனே குழந்தை தசையை இறுக்கிக்கொள்கிறது. எரியும் என்று அஞ்சித் தண்ணீரையும் மறுக்கிறது. நீர் குறையக் குறையச் சிறுநீர் அடர்ந்து, எரிச்சல் மேலும் கூடுகிறது. மயக்க மருந்தின் தாக்கமும் மலச்சிக்கலும் சேர்ந்தால் சிக்கல் இன்னும் வளரும்.

இந்நிலையில், “போகாவிட்டால் மறுபடியும் குழாய் போடுவார்கள்”, “டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்று மிரட்டுவது குழந்தையின் அச்சத்தை இரட்டிப்பாக்கும். அஞ்சிய உடலில் தசை தளராது. “வலிக்கவே வலிக்காது” என்ற பொய்யும் உதவாது; ஒருமுறை எரிந்துவிட்டால் அடுத்த முறை நம் சொல்லைக் குழந்தை நம்பாது. “கொஞ்சம் எரியும், சீக்கிரம் நின்றுவிடும், அம்மா பக்கத்திலேயே இருக்கிறேன்” என்ற உண்மையே நல்லது.

செய்யத்தக்கவை எளியவை. மருத்துவர் குறித்த வலி மருந்தை, அழுகைக்காகக் காத்திராமல், குறித்த வேளையில் குறித்த அளவில் கொடுங்கள். தண்ணீர், இளநீர், மோர் என விரும்புவதைச் சிறிது சிறிதாகப் பருகச் செய்யுங்கள். காயமோ கட்டோ நனையலாம் என்று மருத்துவர் கூறியிருந்தால், வெதுவெதுப்பான நீர் நிறைந்த அகன்ற டப்பில் உட்கார வையுங்கள். அந்த நீரிலேயே கழித்தாலும் குற்றமில்லை. டயப்பரை விட்டுவிட்ட குழந்தை மீண்டும் அதைக் கேட்டால், தயங்காது அணிவியுங்கள். பாட்டிமார் எழுப்பும் “உஸ்” ஒலியும் குழாயில் நீர் சொட்டும் ஓசையும் சில குழந்தைகளுக்குத் துணை செய்யும். அடிவயிற்றை மட்டும் அழுத்த வேண்டா.

பொறுமைக்கும் எல்லை உண்டு; அந்த எல்லையைக் கடிகாரமே காட்ட வேண்டும். கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரத்தை எழுதி வையுங்கள். 6 மணி நேரம் கடந்தால் மருத்துவமனையை அழையுங்கள்; 8 மணி நேரம் ஆகிவிட்டால் இரவென்றும் பாராது நேரில் வாருங்கள். உங்கள் மருத்துவர் வேறு கால அளவு சொல்லியிருந்தால் அதனையே பின்பற்றுங்கள். அடிவயிறு புடைத்து வலித்தல், 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், இரத்தக் கட்டிகள், ஓயாத வாந்தி, சோர்ந்து துவளுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் கடிகாரத்தைப் பாராமல் உடனே புறப்படுங்கள். முதல் நாளில் சிறுநீர் இளஞ்சிவப்பாக இருப்பது மட்டும் பெரும்பாலும் தானே தெளிந்துவிடும்.

இவற்றை வீடு திரும்பும் முன்பே உங்களுக்கு விளக்குவது எங்கள் கடமை. கேட்டறிவது உங்கள் உரிமை. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணி நேரம் காத்திருக்கலாம், நள்ளிரவில் எந்த எண்ணை அழைப்பது ஆகிய நான்கிற்கும் விடை பெறாமல் கிளம்பாதீர்கள். “இதைப் போய்க் கேட்பதா” என்ற கூச்சம் வேண்டா. விடை தெரிந்த பெற்றோர் பதறுவதில்லை. அவர்கள் பதறாதபோது குழந்தையின் அச்சமும் மெல்லத் தணிகிறது.