புல்லட் டேங்க்கில் ஒரு துப்பாக்கியின் பெயர்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு ஒரகடம் பக்கம் திரும்புகிற இடத்தில், காலை ஷிஃப்ட் நேரத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். கம்பெனி பஸ், வேன், ஷேர் ஆட்டோ... நடுவே 'டுப் டுப்' என்று ஒரு புல்லட். டேங்க்கில் 'ராயல் என்ஃபீல்டு'. 2013 முதல் ஒரகடத்திலேயே தயாராகிற வண்டி என்பதால் இந்தப் பக்கத்துக்குப் பழகிப்போன பெயர்தான். ஆனால், என்ஃபீல்டு பைக்கின் பெயராவதற்கு முன்னால் துப்பாக்கியின் பெயர்!

லண்டனுக்கு வடக்கே இருக்கும் ஊர் அது. பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. 1857-ல் கொழுப்புத் தடவிய தோட்டாவைக் கடிக்க மாட்டோம் என்று சிப்பாய்கள் மறுத்தார்களே, அந்தத் தோட்டா என்ஃபீல்டு துப்பாக்கிக்கானது. பிறகு 1893-ல், ரெட்டிச் என்ற ஊரின் சைக்கிள் கம்பெனி ஒன்றுக்கு அந்தத் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து தரும் ஆர்டர் கிடைத்தது. அந்தப் பெருமையில் தன் சைக்கிளுக்கே 'என்ஃபீல்டு' என்று பெயர் வைத்துக்கொண்டது. 'துப்பாக்கியைப் போலவே செய்தது' என்பது விளம்பர வாசகம். பைக்கெல்லாம் அதற்கப்புறம்தான்.

இதே பெயர் அமெரிக்காவுக்கும் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்குத் துப்பாக்கி போதவில்லை. வின்செஸ்டர், ரெமிங்டன், ரெமிங்டனைச் சேர்ந்த எடிஸ்டோன் என மூன்று அமெரிக்க ஆலைகளில் செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். 1917 ஏப்ரலில் அமெரிக்காவே போரில் இறங்கியது. அவர்களின் சொந்தத் துப்பாக்கியான ஸ்பிரிங்ஃபீல்டு கையில் போதுமான அளவு இல்லை. புதிதாக மெஷின் போட நேரமும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் மாடலையே அமெரிக்கத் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றி, 'எம்1917' என்று பெயரிட்டார்கள். 20 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பிரான்ஸ் போன அமெரிக்க வீரர்களில் பெரும்பாலோர் தோளில் தொங்கியது இந்த 'அமெரிக்கன் என்ஃபீல்டு'தான். இரவல் டிசைன், சொந்தத் துப்பாக்கியை முந்திவிட்டது.

அடுத்து வந்த சிக்கல் ஒரகடத்தில் வேலை பார்ப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். மூன்று ஆலையிலும் ஒரே அளவு, ஒரே டிராயிங் என்று முடிவாவதற்குள் வின்செஸ்டர் அவசரப்பட்டுத் தயாரிப்பைத் தொடங்கிவிட்டது. அந்த முதல் துப்பாக்கிகளின் பாகங்கள் மற்ற ஆலைகளின் பாகங்களோடு சரியாகப் பொருந்தவில்லை. மூன்று வெண்டர்களிடமிருந்து வரும் போல்ட் ஒரே ஓட்டையில் உட்காராவிட்டால் லைனில் என்ன கூச்சல் நடக்கும்! போர்முனையில் ஒரு பாகம் உடைந்தால் கூச்சல் போட்டும் பயனில்லை.

ஒவ்வொரு பாகத்திலும் செய்த ஆலையின் எழுத்தைக் குத்தியிருந்தார்கள். டபிள்யூ என்றால் வின்செஸ்டர், ஆர் என்றால் ரெமிங்டன், ஈ என்றால் எடிஸ்டோன். அமெரிக்காவில் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் இன்றும் முதலில் தேடுவது இந்த எழுத்தைத்தான். பிற்பாடு பழுது பார்த்தபோது கைக்குக் கிடைத்ததைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அதனால் எல்லாப் பாகமும் ஒரே எழுத்தில் இருந்தால் விலை ஏறும். பழைய புல்லட் வாங்குகிறவர் இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஒத்துப் பார்ப்பதில்லையா, அதுபோல.

இன்னொரு அடையாளம் சிவப்புப் பட்டை. 1940-ல் டன்கிர்க்கில் பிரிட்டன் தளவாடங்களை இழந்து திரும்பியபோது, அமெரிக்கா இந்தத் துப்பாக்கிகளை அனுப்பியது. உள்ளூர்க் காவல் படைக்கு அவை தரப்பட்டன. பிரிட்டனின் வழக்கமான .303 தோட்டா இதில் சேராது. யாரும் மாற்றிப் போட்டுவிடக் கூடாதே என்று சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் அந்தப் பெயின்ட்டைச் சுரண்ட மாட்டார்கள். பளபளவென்று பாலிஷ் போட்டால் மதிப்பு குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதைப் படித்துவிட்டு நம் ஊரில் யாரும் சேகரிக்கக் கிளம்ப வேண்டாம். இங்கே 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் உள்ளவரே இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. போலீஸ் கையில் பார்த்துப் பழகிய .303 ரகம் பொதுமக்களுக்குத் தடை. அரசுத் தொழிற்சாலைகள் தனியாருக்கென்று .315 ரகத்தைச் செய்ததே அதனால்தான். பழைய ஆயுதங்களைக் கண்ணால் பார்க்க ஆசையா? சிங்கப்பெருமாள் கோவிலில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர். பழைய கமிஷனர் அலுவலகத்தில் 2021-ல் திறந்த காவல் அருங்காட்சியகம் இருக்கிறது. குழந்தைகளையும் அழைத்துப் போகலாம்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. தாத்தா உரிமத்தோடு வைத்திருந்த துப்பாக்கி, அவர் காலத்துக்குப் பிறகு பரணில் சும்மா கிடக்கும். 'யாரும் சுடவில்லையே, நினைவுக்காக இருக்கட்டும்' என்று வீட்டில் நினைப்பார்கள். உரிமம் அவர் பெயரில்தானே இருந்தது? அவரோடு அதுவும் முடிந்துவிட்டது. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு வைத்துக்கொள்ள விரும்பினால் தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஒப்படைக்கும்போது, துப்பாக்கி நம்பரைக் குறிப்பிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.