பாட்டுக்கு மேலே ஒரு வரி

பாரதியின் பாட்டுகளைப் பாடநூலில் மட்டும் படித்தவர்கள் கண்ணில் படாத வரி ஒன்று உண்டு. தலைப்புக்குக் கீழே, பாட்டுக்கு மேலே, சிறிய எழுத்தில் இருக்கும். இது இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று சொல்லும். தாயின் மணிக்கொடியைப் புகழும் பாட்டுக்கு மேலே தாயுமானவரின் ஆனந்தக் களிப்பு. நடிப்புச் சுதேசிகளை ஏசும்போது கிளிக்கண்ணி. நாட்டு மக்களின் இழிநிலை கண்டு மனம் கொதித்துப் பாடியது நொண்டிச் சிந்து. அந்தச் சிந்து எங்கிருந்து வருகிறது? நொண்டி நாடகத்தில் அதைப் பாடுகிறவன் தாசியிடம் பொருளைத் தொலைத்து, குதிரை திருடப் போய், அகப்பட்டுக் கால் வெட்டுண்டவன். தேசத்துக்காக அழக் கள்ளன் அழுத சந்தத்தை எடுத்துக்கொள்வதில் பாரதிக்குக் கூச்சம் இருக்கவில்லை. அதை மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

இப்போது படத்துக்குப் படம் சண்டை. காலையில் பாட்டு வெளியானால் சாயங்காலத்துக்குள் அதன் ‘மூல’த்தைப் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டிவிடுகிறார்கள். இசையமைப்பாளர் தரப்பு வழக்கமான பதில்களைச் சொல்கிறது: ராகம் ஒன்றுதான், அதனால் அப்படிக் கேட்கிறது, அது பாதிப்பு, அது அஞ்சலி. குற்றம் சாட்டுகிறவரும் மறுக்கிறவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். எடுப்பதே இழுக்கு என்று இருவருமே நம்புகிறார்கள். எங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை.

கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், சிதம்பரம் போக ஆசைப்படும் நந்தனை ஆண்டையான வேதியர் சாதி சொல்லி இழிவுபடுத்தும் பாட்டு ஒன்று உண்டு. கதாகாலட்சேபங்களால் அது ஊர் ஊராகப் பரவியிருந்தது. பாரதி அந்த மெட்டை எடுத்து, சுயராஜ்யம் கேட்கும் இந்தியனிடம் ஆங்கிலேய அதிகாரி பேசுவதாகப் புதுச் சொற்களைப் போட்டார். கேட்பவருக்குப் பழைய பாட்டு நினைவில் ஓடினால்தான் புதிய பாட்டு வேலை செய்யும். உன் சேரியில் உன் பண்ணையாளை நீ எப்படி நடத்துகிறாயோ, அப்படித்தான் உன்னை அவன் நடத்துகிறான் என்பதைப் பாட்டுக்குள் எந்த வரியும் சொல்லவில்லை. மெட்டு சொல்கிறது. இன்னொன்றும் உண்டு. நந்தனை அவனுடைய சொந்த ஜனங்களே இது நம் சாதிக்கு ஆகுமா என்று தடுக்கும் பாட்டின் மெட்டில், மிதவாதத் தலைவர் பிரோஸ்ஷா மேத்தா திலகரைக் கடிந்துகொள்கிறார். மிதவாதிகளைப் பற்றி எத்தனை கட்டுரை எழுதினாலும் இவ்வளவு கூர்மையாக வந்திருக்காது. மூலத்தை மறைத்திருந்தால் இரண்டு பாட்டும் செத்திருக்கும்.

கோபாலகிருஷ்ண பாரதியும் சும்மா இருந்தவர் அல்லர். பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்று வரும் நந்தனுக்குக் கொடுமைக்கார ஆண்டை யாரும் கிடையாது. வேதியர் கோபாலகிருஷ்ண பாரதி கொண்டுவந்த பாத்திரம். தியாகராஜரைப் பார்க்க அவர் திருவையாறு போனதாகவும், அங்கே ஆபோகி ராகக் கீர்த்தனை ஒன்றைக் கேட்டுவிட்டு அதே ராகத்தில் ‘சபாபதிக்கு’ என்ற கீர்த்தனையைச் செய்ததாகவும் சங்கீதக்காரர்கள் சொல்வார்கள். உள்ளபடி நடந்ததோ இல்லையோ, அதைச் சொல்கிறவர்கள் யாரும் திருட்டுக் கதையாகச் சொல்வதில்லை. முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதச் சாகித்தியம் செய்தார்; இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் அவற்றில் ஒன்று. அதனால் அவர் பெருமை குறைந்துவிடவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு உறுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆண்டையின் வசவை எடுத்து அதிகாரியின் வாயில் போட்டபோது, வசவு வாங்கிய இடத்தில் படித்த இந்தியன் வந்து உட்கார்ந்துகொண்டான். நந்தன் எங்கே போனான்? அவனுடைய அவமானம் உவமையாகிவிட்டது. பாரதி மெட்டுக்கு உரியவரை மறைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த வரியில் இடம்பெறுவது ஏட்டில் ஏறிய பாட்டுதான். கும்மி என்றும் பள்ளு என்றும் போடும்போது இனத்தின் பெயர் மட்டும் நிற்கிறது. அதை அடித்தவளுக்கும் பாடியவனுக்கும் பெயர் இல்லை. குயில் பாட்டில் ஏற்றம் இறைப்பவர் பாட்டுக்கும் நெல் இடிக்கும் பெண்களின் பாட்டுக்கும் மனத்தைப் பறிகொடுத்ததாகச் சொன்னவர் விஷயத்திலேயே இந்த நிலை.

சுதந்திரப் பள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பள்ளர் களியாட்டம்’ என்றே அதற்கு மேலே எழுதியிருக்கிறது. வயலில் நின்று பாடியவர்களின் பாட்டு வகை புலவர்களிடம் போய்ச் சிற்றிலக்கியமாகி, பாரதியிடம் வந்து தேசியப் பாட்டானது. அவர் 1921இல் மறைந்த பிறகு பாட்டுகளின் இசைத்தட்டு உரிமை குடும்பத்திடமிருந்து கைமாறி ஒரு வணிகரிடம் போய், அவரிடமிருந்து படத்தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் வந்தது. 1947இல் ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பள்ளை ஊரே பாடியது. டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்தபோது உரிமை என்னுடையது என்று மெய்யப்பன் தடுத்தார். அன்றைய சட்டப்படி ஆசிரியர் இறந்து ஐம்பது ஆண்டுகள், அதாவது 1971 வரை, பாரதி ஒருவருடைய சொத்தாக இருந்திருக்கலாம். பாரதி விடுதலைக் கழகம் அமைந்தது, டி.கே. சண்முகம், நாரண துரைக்கண்ணன், ‘சிவாஜி’ நடத்திய திருலோக சீதாராம் போன்றவர்கள் அலைந்தார்கள். (சிற்றிதழ்க்காரன் ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருந்ததில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்.) 1949இல் மாகாண அரசு உரிமையைப் பெற்றது, மெய்யப்பன் பணம் வாங்காமல் கொடுத்தார். சில ஆண்டுகளில் அரசு அதைப் பொதுவில் விட்டது. ஆ. இரா. வேங்கடாசலபதி இதை விரிவாக ஆய்ந்து புத்தகமே எழுதியிருக்கிறார். எங்களுக்கு எழும் கேள்வி வேறு. யாருடைய பாட்டு என்று அத்தனை பேர் மோதிக்கொண்டதில், பள்ளைப் பாடிய வயல்காட்டு ஆட்களின் பேச்சை யாராவது எடுத்தார்களா?

இன்றைய சட்டமும் எடுக்காது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இப்போது ஆசிரியரின் ஆயுளோடு அறுபது ஆண்டுகள் தருகிறது. 2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் பங்கை உறுதிசெய்தது, நல்ல காரியம். ஆனால் நடவுப் பாட்டுக்கு ஆசிரியர் இன்னார் என்று காட்ட முடியாது. அதனால் உரிமையும் கிடையாது. அதையே ஒருவர் நாலு சொல் மாற்றி, ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிவிட்டால் அவர் ஆசிரியர் ஆகிவிடுகிறார். ஒரு கிழவியிடம் கேட்டுப் பதிவுசெய்த தாலாட்டு படத்தில் வரும்போது ‘பாடல்’ என்பதற்கு எதிரே வேறு பெயர் இருக்கிறது. (எட்டு பார் வரை எடுத்தால் திருட்டில்லை என்று ஒரு நம்பிக்கை நம் இசைக்கூடங்களில் உலவுகிறது. சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.)

ஆகவே இந்த இதழிலிருந்து ஒரு நடைமுறை. நாங்கள் வெளியிடும் எந்தப் பாட்டுக்கும் மேலே அந்த ஒரு வரி இருக்கும். இளையராஜா மெட்டில் எழுதினீர்களா, படத்தின் பெயரோடு சொல்லுங்கள். ஒப்பாரியிலிருந்து எடுத்தீர்களா, எந்த ஊர், யார் பாடினார், எந்த வேலைக்கு அல்லது எந்தச் சாவுக்குப் பாடினார் என்று எழுதுங்கள். பாடியவர் பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம்; ஆனால் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். அவருக்கு இதழ்ப் பிரதி ஒன்று போகும். சன்மானம் என்று நாங்கள் தரும் சொற்பத் தொகையில் பாதி அவருக்கு.

எங்கே கேட்டோம் என்றே நினைவில்லாத மெட்டும் இருக்கும். அதற்கு ‘நினைவில்லை’ என்று போடுங்கள். ‘மரபு’ என்று போட்டு அனுப்பினால் திருப்பி அனுப்புவோம்.