தானிகர்களே, யாரிடம் வந்தீர்கள்?

ஒரு நாட்டின் தானிகர் இன்னொரு நாட்டிற் கால்வைக்கும்போது சட்டம் கேட்கும் முதற்கேள்வி ஒன்றே: அவர் தம் நியமனப் பத்திரத்தை யார் கையிற் கொடுக்கிறார்?

1945இல் சரணடைந்த யப்பானில் இதற்கு ஒளிவுமறைவற்ற விடை இருந்தது. தோக்கியோவுக்குத் திரும்பிய பிறநாட்டுப் பிரதிநிதிகள் மன்னரிடமன்று, நேசநாட்டுத் தளபதி மக் ஆதரிடமே அனுப்பப்பட்டனர். இந்தியா அங்கு வைத்திருந்ததும் தூதரகமன்று, தொடர்புக் குழுவே. ஆள்வது பட்டாளம் என்பதை எவரும் மறைக்கவில்லை. 1952 ஏப்பிரல் 28இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. பட்டாள ஆட்சி முடிந்தது.

அந்த விடுதலைக்காக 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் வாதாடியவர் இலங்கையின் நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா. இழப்பீடும் வேண்டாம் என்றார். யாருடைய இழப்பீடு? 1942 ஏப்பிரல் 5இல் கொழும்பும் 9இல் திருகோணமலையும் யப்பானியக் குண்டுக்கு இரையாயின. திருமலை மக்களைக் கேட்டா கொடுத்தார்? மன்னித்தது பிழையென்று யாம் கூறவில்லை. யப்பானின் சுதந்திரத்துக்கு அவர் குரல்கொடுத்த அன்று எம் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் கையிலிருந்தது, 1957இலேதான் மீண்டது.

2009 மேயில் இங்கு போர் முடிந்தது. தானிகர்கள் திரும்பி வருகின்றனர். துறைமுகத்தைப் பார்க்கின்றனர், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்க்கின்றனர், ஆளுநருடன் தேநீர் அருந்துகின்றனர். போர் முடிந்தபோதும், பின் 2015 வரையும், அந்த ஆளுநர் யார்? ஓய்வுபெற்ற கடற்படை உயரதிகாரி மொகான் விஜேவிக்கிரம! 2020இல் கிழக்கின் தொல்பொருள் காக்கவென அமைந்த சனாதிபதி செயலணிக்குத் தலைவர் பாதுகாப்புச் செயலாளர் கமால் குணரத்ன. நியமித்தபோது அதில் ஒரு தமிழருமில்லை, ஒரு முஸ்லிமுமில்லை.

‘இது ஆக்கிரமிப்பாகாது’ என்று அரச சட்டவல்லுநர் எழுவார். எழட்டும். 1907 ஹேக் விதிகள் பகைப்படையின் அதிகாரத்துக்குட்பட்ட நிலத்தையே அவ்வாறு அழைக்கின்றன. சொந்த நாட்டுப் படைக்கு அது பொருந்தாது. நன்று! ஆனால் அவ்விதிகளின் 46ஆம் உறுப்புரை தனியார் சொத்தைப் பறிக்கலாகாது என்கிறது. 55ஆம் உறுப்புரையோ அரச காடும் வயலுங்கூட ஆக்கிரமித்தவனுக்குச் சொந்தமல்ல, காத்து அனுபவிக்கும் பொறுப்பே என்கிறது. ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டுக் கமக்காரனுக்கு ஏட்டிலாவது உள்ள இக்காப்பு, ‘சொந்தப் பிரசை’யான குச்சவெளிக் கமக்காரனுக்கு இல்லை! அதுமட்டுமா? மக் ஆதரின் ஆட்சியிலே, 1946இன் நிலச் சீர்திருத்தத்தால், யப்பானியக் குத்தகைக் கமக்காரன் காணிக்காரனானான். இங்கோ, திரியாயிலும் தென்னமரவடியிலும் பரம்பரைக் காணிக்காரன் தொல்பொருள் திணைக்களத்தின் பலகைக்கும் வனத்திணைக்களத்தின் எல்லைக்கல்லுக்கும் முன்னே கைகட்டி நிற்கிறான்.

1951ஆம் ஆண்டுப் பேச்சுக்கு யப்பானியத் தானிகர்கள் இன்றும் நன்றி கூறுகின்றனர். அவர்கள் நிலாவெளி விடுதியோடு திரும்பாது வடக்கே குச்சவெளிக்கும் வரட்டும். எம் மக்களின் உறுதிகளைக் கண்ணால் பார்க்கட்டும்.

அதற்கு முன் எமக்கொரு வேலையுண்டு. சட்டத்தரணி ஒருவர், நில அளவையாளர் ஒருவர், ஆசிரியர் ஒருவர்: கிராமத்துக்கு மூவர் போதும். மரப்பெட்டிகளிற் கிடக்கும் உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் திரட்டி, பிரதியெடுத்து, ஆங்கிலத்திற் பெயர்த்து வைப்போம். அடுத்த தானிகர் வரும்நாளில் மாலை வேண்டாம். அந்தக் கட்டினை அவர் கையில் வைப்போம்.