காயிதம் போய்ச் சேரும் நேரம்

1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்கே எங்கள் தோட்டத்தில் பன்னிரண்டு ஆகிவிட்டது. மலேசியத் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளி, சபா சரவாக் நேரத்தோடு அரசாங்கம் ஒன்றாக்கிய இரவு அது. எனக்குப் பத்து வயது. லயத்தில் எல்லோரும் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். விடுமுறை முடிந்து முதல் பெரட்டுக்குக் கிளம்பிய காலையில் வேடிக்கை தீர்ந்தது. கும்மிருட்டு. அம்மா வாளியும் கத்தியுமாகப் படியிறங்கும்போது, அடுத்த வீட்டுத் தண்டல் தாத்தா திண்ணையில் உட்கார்ந்தபடி சொன்னார்: “கடிகாரத்தத் திருப்பிட்டானுங்க. சேவலுக்கு யாரு போய்ச் சொல்றது?”

கணக்குப்படி பார்த்தாலும் அவர் பேச்சில் நியாயம் உண்டு. எங்கள் கலும்பாங்கில் சூரியன் உச்சிக்கு வரும்போது நம் கடிகாரம் சராசரியாக ஒன்றே கால் மணியைக் காட்டுகிறது. மணிலாக்காரர்களின் வெயிலுக்கு வைத்த கடிகாரத்தைப் பார்த்து நாம் பசியாறிக்கொண்டிருக்கிறோம்.

தாத்தாவின் சேவல் இந்த வாரம் நினைவில் கூவக் காரணம் ஒரு வெள்ளைக்காரர். நார்மன் ராபர்ட் போக்சன். சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் அரசாங்க வானியலாளராக 1861-இல் வந்து சேர்ந்தவர், 1891 ஜூனில் பதவியில் இருந்தபடியே அங்கேயே இறந்தார். விண்மீன்களின் ஒளியைத் தரம் பிரிக்க உலகம் இன்றும் வைத்திருக்கும் 2.512 என்ற விகிதத்தைச் சென்னைக்கு வருவதற்கு முன்பே, 1856-இல், சொன்னவர். வந்த ஆண்டே ஏப்ரல் 17 இரவு ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசிய மண்ணிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுதான். பெயரும் ஆசியா என்றே வைத்தார்.

கண்டுபிடித்தாயிற்று. ஊருக்கு எப்படிச் சொல்வது? அப்போது சென்னைக்கும் லண்டனுக்கும் தந்தி கிடையாது. சூயஸ் கால்வாய் வெட்டி முடியவில்லை. காயிதம் கப்பலேறி சூயஸ் வரை போய், எகிப்தைத் தரைவழியே தாண்டி, மறுபடி கப்பலேற வேண்டும். போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், பதில் வர இன்னொரு மாதம். அதற்குள் சிறுகோள் எங்கோ நகர்ந்திருக்கும். அதே கோளை ஐரோப்பாவில் வேறொருவர் பார்த்துவிட்டால், முதலில் கண்டவர் யார் என்பதைத் தபால்காரர்தான் முடிவு செய்வார்.

தபால்காரர் என்று கேலிக்காகச் சொல்லவில்லை. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பாருங்கள். குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சென் கூடாரம் அடித்திருந்தார். மசூலிப்பட்டினத்தில் போக்சன். (நிழல் அப்படியே வங்கக் கடலைக் கடந்து சயாமுக்குப் போனது. மன்னர் மோங்குட் தாமே கணக்குப் போட்டுத் தேர்ந்த கடற்கரையில் விருந்து வைத்தார்; சிங்கப்பூரிலிருந்து ஆளுநர் ஹேரி ஆர்ட் கப்பலேறிப் போய்க் கலந்துகொண்டார். கணக்கு பிசகவில்லை. ஆனால் அந்தக் காட்டில் மன்னரைப் பிடித்த காய்ச்சல் அக்டோபர் 1 அன்று அவர் உயிரைக் கொண்டுபோனது.)

கிரகணம் முடிந்த மறுநாளே ஜான்சென் ஒன்றைக் கண்டுகொண்டார். சூரியனின் விளிம்பில் எழும் சுடர்களைப் பார்க்க இனி கிரகணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், நிறமாலைக் கருவி இருந்தால் எந்த நாளும் பார்க்கலாம். செப்டம்பர் 19-இல் காக்கிநாடாவிலிருந்து பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். இங்கிலாந்தில் லாக்கியர் என்பவர் தம் வீட்டுத் தொலைநோக்கியில் அதே வேலையை அக்டோபர் 20-இல் செய்து முடித்தார். ஐந்து வாரம் கடல் கடந்து வந்த காயிதமும், பக்கத்து நாட்டிலிருந்து வந்த காயிதமும் அக்டோபர் 26 அன்று ஒரே கூட்டத்துக்கு வந்து சேர்ந்தன. பிரெஞ்சு அரசாங்கம் சண்டையே வேண்டாம் என்று இருவர் முகத்தையும் ஒரே பதக்கத்தில் அடித்துக் கொடுத்தது. பின்னாளில் ஹீலியம் என்று பெயர் பெற்ற பொருளின் மஞ்சள் கோடு போக்சனின் அறிக்கையிலும் இருக்கிறது. அந்த அறிக்கை சென்னையில் அச்சாகி, சென்னையிலேயே தங்கிவிட்டது. தபாலில் தோற்ற மனிதர் என்பேன் நான்.

தந்தி வந்த பிறகு அவருக்கு வேறு மாதிரி சோதனை. பியெலா என்றொரு வால்வெள்ளி 1846-இல் இரண்டாகப் பிளந்தது. 1852-க்குப் பிறகு ஆள் அகப்படவில்லை. 1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பிய வானத்தில் எரிமீன்கள் மழையாகக் கொட்டின. தொலைந்த பியெலாதான் பூமியை உரசிப் போகிறது என்று கோட்டிங்கன் நகரத்துப் பேராசிரியர் கிளிங்கர்ஃபூஸ் முடிவுகட்டினார். அது போகும் திசை தெற்கு வானம். ஐரோப்பாவிலிருந்து பார்க்க முடியாது. ஆகவே சென்னைக்குத் தந்தி. பியெலா 27-ஆம் தேதி பூமியைத் தொட்டுவிட்டது, செந்தாரஸ் மண்டலத்தில் தீட்டா விண்மீன் பக்கம் தேடவும். அவ்வளவுதான் சேதி. சாவுத் தந்தி மாதிரி சுருக்கம்.

டிசம்பர் மாதத்துச் சென்னையைச் சொல்ல வேண்டுமா? வடகிழக்குப் பருவமழை. இரண்டு விடியல் மேகத்தைப் பார்த்தபடியே போயின. மூன்றாம் விடியலில் மேகம் கொஞ்சம் விலகியது. தேடச் சொன்ன இடத்தில் ஒரு வால்வெள்ளி! மறுநாளும் பார்த்து அளந்தார். பிறகு வானம் மூடிக்கொண்டது. வால்வெள்ளியின் பாதையைக் கணக்கிடக் குறைந்தது மூன்று அளவுகள் வேண்டும். அவர் கையில் இரண்டு நாளுடையதுதான் இருந்தது. பின்னால் கணக்குப் போட்டவர்கள், அது பியெலாவே அல்ல, வேறு ஏதோ ஒன்று என்றார்கள். தப்பான முகவரியோடு வந்த தந்தி சரியான வீட்டுக் கதவைத் தட்டிய கதை.

அந்த வானாய்வகத்தில் போக்சன் மட்டுமா வேலை பார்த்தார்? சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற உதவியாளர் 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளி மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினரானார். இந்தியர்களில் அவரே முதல்வர். திருக்கணித முறையில் பஞ்சாங்கமும் போட்டார். வருஷப் பிறப்பு வந்தால் வாக்கியமா திருக்கணிதமா என்று நம் கோயில் வாசலில் நடக்கும் சண்டையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. போக்சனின் மகள் ஐசிஸ் 1873-இல் 150 ரூபாய் சம்பளத்தில் கணக்குப் போட உட்கார்ந்தார். தோட்டத்து மொழியில் சொன்னால் வானத்துக்குக் கிராணி. அவரையும் அந்தக் கழகத்தில் சேர்க்கச் சொல்லி 1886-இல் அப்பா மனுப்போட்டார். பெண் என்று தள்ளினார்கள். 1920-இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் காயிதத்துக்குப் பதில் வர 34 வருஷம்.

இனி நம் கடிகாரத்துக்கு வருகிறேன். 1870, 71-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போட்டார்கள். அதில் வியாபாரச் சேதி போனது போலவே நேரமும் போனது. ஒரு விண்மீன் சிங்கப்பூரில் தலைக்குமேல் வரும் நொடியையும் சென்னையில் வரும் நொடியையும் கம்பி வழியே ஒப்பிட்டால், இரண்டு ஊருக்கும் நடுவே பூமி எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும். அதுதான் தீர்க்கரேகைக் கணக்கு. 1881, 82-இல் கிரீன், டேவிஸ், நோரிஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரிகள் விளாடிவோஸ்டாக், நாகசாகி, ஹாங்காங், சிங்கப்பூர் என்று இப்படியே ஊர் ஊராக அளந்துகொண்டு வந்தார்கள். அந்தச் சங்கிலியின் மேற்குக் கோடி சென்னை. சிங்கப்பூரில் உச்சிப்பொழுது வந்து 1 மணி 34 நிமிடம் கழித்துத்தான் சென்னையில் வரும்.

1901 ஜனவரி 1 முதல் இந்தத் தீபகற்பம் முழுக்கச் சிங்கப்பூரின் நேரத்தில் நடந்தது: கிரீன்விச்சைவிட 6 மணி 55 நிமிடம் 25 நொடி கூடுதல். அந்த நொடிக் கணக்கு துரைகளுக்கே சலித்துவிட்டது போலும். 1905-இல் நேராக 7 மணி ஆக்கினார்கள். 1933-இல் 7.20, 1941-இல் 7.30. ஜப்பான்காரன் வந்து தோக்கியோ நேரத்துக்கு, 9 மணிக்கு, இழுத்தான். அவன் போனதும் மறுபடி 7.30. பிறகு 1982.

தண்டல் தாத்தா சின்னப் பையனாக ரஜுலா கப்பலில் வந்து இறங்கியவர். ஒரே தோட்டத்தில் இருந்தபடியே ஐந்து நேரங்களைப் பார்த்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாது. ஊருக்குக் காயிதம் போட வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை கிராணி வீட்டு வாசலில் போய் நிற்பார். ஒருநாள் சொன்னார்: “எங்காத்தா செத்த காயிதம் வந்தப்ப, அங்க பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிருந்திச்சு. கிராணி வாசிச்சாரு பாரு, அன்னிக்குத்தான்டா எனக்கு ஆத்தா செத்தா. அந்தத் தேதிக்கே திதி குடுக்கிறேன்.” கடைசி வரை அப்படியே கொடுத்தார்.

சென்னை வானாய்வகத்தின் பழைய கடிதங்களும் கையேடுகளும் இன்று பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. கிரீன்விச் பக்கத்துக் காயிதங்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில். அவற்றோடு அதே கடலைத் தாண்டிய நம்மவர்களின் காயிதங்களுக்குக் காப்பகம் ஏது? லயத்தை இடித்துச் செம்பனை போட்ட வாரத்தில் தாத்தாவின் தகரப்பெட்டி குப்பையோடு எரிந்ததை நானே நின்று பார்த்தேன். தடுக்கத் தோன்றவில்லை.

கலும்பாங், கெர்லிங், கோலசிலாங்கூர் பக்கம் யார் வீட்டிலாவது அப்படியொரு பெட்டி மிச்சம் இருந்தால், தயவுசெய்து திறந்து பாருங்கள். காயிதத்தை எடுத்துக்கொண்டு உறையை வீசிவிடாதீர்கள். எழுதிய தேதி உள்ளே இருக்கும். வந்து சேர்ந்த தேதி உறையின் முத்திரையில்தான் இருக்கும்.