எல்லா வலியும் வாயு அல்ல!

இரவுச் சாப்பாடு முடிந்தது. பாத்திரங்களைக் கழுவி வைத்தாயிற்று. வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். அம்மா மட்டும் தூங்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

வலது விலாவுக்குக் கீழே வலி. சிறிது நேரத்தில் அது முதுகுக்குப் போகிறது. வலது தோளுக்கும் ஏறுகிறது. குமட்டுகிறது.

"என்னம்மா?" என்று மகன் கேட்கிறான்.

"ஒன்றுமில்லை, வாயு" என்கிறாள்.

பெருங்காயம் கரைத்துக் கொடுக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் வலி அடங்குகிறது. பெருங்காயம் கேட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

பெருங்காயம் கேட்கவில்லை! பித்தப்பையின் வாயை அடைத்திருந்த கல் சற்று விலகிக்கொண்டது. அவ்வளவுதான். இன்னொரு நாள் அது மறுபடியும் வந்து அடைக்கும்.

இது சென்னையிலும் நடக்கிறது. தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளியிலும் நடக்கிறது. ஆனால் மாரண்டஹள்ளி போன்ற ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போவது என்றால் ஒரு நாள் வேலை கெடும். தக்காளி பறிக்கப் போகும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே அவள் வலிக்கு "வாயு" என்று பெயர் வைத்து, மூடி வைத்துவிடுகிறாள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

கல் எப்படி வருகிறது?

நம் உடம்பில் கல்லீரலுக்கு அடியில், சிறு கத்தரிக்காய் அளவில் ஒரு பை இருக்கிறது. அதுதான் பித்தப்பை. கல்லீரலில் சுரக்கும் பித்தநீரை அது சேர்த்து வைக்கிறது. எண்ணெய்ப் பலகாரமோ இறைச்சியோ சாப்பிட்டால், பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்கு அனுப்புகிறது. கொழுப்பு செரிக்க அது உதவுகிறது.

பித்தநீரில் உள்ள சில பொருள்கள் அளவு மீறினால் உறைந்து கல்லாகின்றன. சில கற்கள் கொழுப்பினால் ஆனவை. சில, பித்தத்துக்கு நிறம் கொடுக்கும் பொருளால் ஆனவை. ஒரே ஒரு கல்லும் இருக்கலாம்; கடுகு போல நூறு கற்களும் இருக்கலாம்.

ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். பிள்ளை பெற்றவர்கள், நாற்பது வயதைத் தாண்டியவர்கள், உடல் பருத்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பட்டினி கிடந்து வேகமாக உடம்பை இளைக்க வைத்தாலும் கல் வரும்.

கண்டுபிடிப்பது எளிது

பெரும்பாலான பித்தக் கற்கள் எக்ஸ்ரே படத்தில் தெரிவதில்லை. ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. ஆறு முதல் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் போக வேண்டும். அவ்வளவே. வயிறு நிறைந்திருந்தால் பித்தப்பை சுருங்கியிருக்கும்; கல் சரியாகத் தெரியாது.

ஒன்றை மறக்கக் கூடாது. மேல் வயிற்றில் வரும் வலி சில சமயம் மாரடைப்பாகவும் இருக்கும். வியர்த்துக் கொட்டினாலோ மூச்சுத் திணறினாலோ ஸ்கேனுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே இருதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

கல் கரையுமா?

சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு குடிப்பது நம் வழக்கம். அதையே பித்தப்பைக் கல்லுக்கும் குடிக்கிறார்கள். இரண்டு கல்லும் ஒன்றல்ல! சிறுநீரகக் கல் இருக்கும் இடம் வேறு. வெளியேறும் வழி வேறு.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சம்பழச் சாறும் குடித்தால் கல் வெளியே வந்துவிடும் என்று கைபேசியில் செய்தி பரவுகிறது. குடித்தவர்கள் மலத்தில் பச்சை நிறக் கட்டிகளைப் பார்த்து மகிழ்கிறார்கள். அப்படிப்பட்ட கட்டிகளைச் சோதித்த டாக்டர்கள் 2005ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். அவை பித்தக் கற்களே அல்ல. குடித்த எண்ணெய் வயிற்றுக்குள் சோப்புப் போலத் திரண்டிருக்கிறது!

கொழுப்புக் கற்களில் சிறியவற்றைக் கரைக்க மாத்திரை உண்டு. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். நிறுத்தினால் கல் திரும்பவும் வரலாம். நிறக் கற்களை அந்த மாத்திரை கரைக்காது. தென்னிந்தியாவில் நெடுங்காலமாக அதிகம் காணப்பட்டவை அந்த நிறக் கற்களே.

எல்லோருக்கும் கத்தியா?

இல்லை. வேறு எதற்கோ ஸ்கேன் செய்யும்போது கல் தெரியவருகிறது. வலி எதுவும் இல்லை. அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவையில்லை. டாக்டரின் யோசனைப்படி இருந்தால் போதும்.

வலி கொடுக்கத் தொடங்கிய கல்லின் கதை வேறு. அதற்குப் பித்தப்பையை எடுப்பதே நிலையான வைத்தியம். கல்லை மட்டும் எடுத்தால் பையில் மறுபடியும் கல் சேரும்.

1882ஆம் ஆண்டு பெர்லின் நகரில் கார்ல் லாங்கன்புக் என்ற டாக்டர் முதல் முதலாகப் பித்தப்பையை வெட்டி எடுத்தார். நோயாளிக்கு வயது 43. அவர் 16 ஆண்டுகள் அந்த வலியோடு வாழ்ந்தவர்! பித்தப்பை இல்லாமலும் மனிதன் வாழலாம் என்று அன்று உலகுக்குத் தெரிந்தது. கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் நேராகக் குடலுக்குப் போய்விடுகிறது.

முன்பெல்லாம் வயிற்றை நீளமாகக் கிழித்துத்தான் ஆபரேஷன் செய்தார்கள். 1990ஆம் ஆண்டு மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா, சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுத்தார். இந்தியாவில் அது முதல் முறை. தமிழ்நாட்டில் இந்த முறையைப் பரப்பிய முன்னோடிகளில் கோவை டாக்டர் சி. பழனிவேலுவும் ஒருவர். இன்று மூன்று, நான்கு துளைகள் போதும். சிக்கல் இல்லாவிட்டால் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம்.

காமாலை வந்தால் ஓடுங்கள்!

கல் பையை விட்டு நழுவிப் பித்தநீர்க் குழாயில் போய் அடைத்துக்கொண்டால் கண் மஞ்சளாகும். சிறுநீர் கறுக்கும். மலம் வெளுக்கும்.

நம் ஊரில் காமாலை என்றதும் கீழாநெல்லி கொடுக்கிறார்கள்; மந்திரிக்கிறார்கள். சில காமாலைகள் தாமாகவே தணிந்துவிடுகின்றன. பெயர் கீழாநெல்லிக்குப் போகிறது. ஆனால் குழாயில் அடைத்த கல்லை எந்த இலையும் நகர்த்தாது. வாய் வழியாகக் குழாய்க் கருவியைச் செலுத்தி டாக்டர்கள் அந்தக் கல்லை எடுத்துவிடுகிறார்கள்.

காமாலையோடு குளிர் காய்ச்சலும் வலியும் சேர்ந்தால், அடைபட்ட பித்தநீரில் சீழ் பிடித்திருக்கிறது என்று பொருள். கணையமும் வீங்கலாம். அப்போது ஒரு நாள் தாமதமும் உயிருக்கு உலை வைக்கும். உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும்.

வீட்டாரின் கடமை

பாலக்கோட்டில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. மேல் சிகிச்சைக்குத் தருமபுரியில் 2008ஆம் ஆண்டு தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. மாரண்டஹள்ளியிலிருந்து பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துச் சென்று விசாரிக்கலாம்.

இத்தனையும் இருந்து என்ன பயன்? வலிக்கிறது என்று அவள் சொல்ல வேண்டும். சொன்னால் வீட்டில் கேட்க வேண்டும்!

மாட்டுக்கு ஒரு வேளை தீனி இறங்காவிட்டால் உடனே வைத்தியரைத் தேடுகிறோம். வீட்டைச் சுமக்கும் பெண் இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால், "வாயு" என்று திரும்பிப் படுப்பது நியாயமா?

ஒரே இடத்தில், ஒரே மாதிரி வலி இரண்டாம் முறை வந்தால், பெருங்காயத்தைத் தேட வேண்டாம். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு அவளை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். ஒரு நாள் கூலியைப் பிறகு சம்பாதித்துக்கொள்ளலாம். அம்மாவைச் சம்பாதிக்க முடியாது!