சிலை போதுமா?

1903 ஜனவரி 13 அன்று ‘கேலிக்’ என்ற கப்பல் ஹொனலுலு துறைமுகத்துக்கு வந்தது. அதில் வந்த கொரியர்கள் 102 பேர். ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு வந்தவர்கள். 1905-க்குள் 7,000 பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பிறகு புகைப்படத்தை மட்டும் பார்த்துச் சம்மதித்த மணப்பெண்கள் கப்பலேறி வந்தார்கள். படத்தில் இளைஞன், துறைமுகத்தில் நின்றவரோ நடுவயதுக்காரர் என்று திகைத்தவர்களும் உண்டு.

நாளெல்லாம் வெயிலில் உழைத்தாலும் கூலி ஒரு டாலரைத் தொடாது. அதிலும் மிச்சம் பிடித்து, ஜப்பானிடம் அடிமைப்பட்ட தாய்நாட்டின் விடுதலைக்குக் கொடுத்தார்கள். ஹொனலுலுவில் பல காலம் வாழ்ந்து, பின்னர் தென்கொரியாவின் முதல் அதிபரான சிங்மன் ரீயை உலகம் அறியும். காசு கொடுத்த கூலிக்காரர்களை யார் அறிவார்?

இவர்களுக்குச் சிலையும் ஆண்டு விழாவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை மட்டும் போதாது என்கிறேன். ஹவாயில் கொரியப் பிள்ளைகள் படித்த பள்ளியின் சொத்தை விற்ற பணத்தையும் கொண்டு, 1954-ல் இஞ்சியோன் நகரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கினார்கள். இன்று அது பல்கலைக்கழகம். இஞ்சியோன், ஹவாய் இரண்டையும் சேர்த்து ‘இன்ஹா’ என்று பெயர். என்னைக் கேட்டால், மரியாதை என்பது இதுதான்.

இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. பழைய கல்லறை எழுத்துகளை வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் அங்கே பலர். கல் தேய்வதற்குள் பெயரையும் சொந்த ஊரையும் படித்து, அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதி வைக்க வேண்டும். விழாச் செலவில் ஒரு பங்கு போதும்.