அழுத்தத் தயங்கினால் இறுகும் உருக்கு

திருகோணமலைத் துறைமுகத்துக் கரையோரமாக நடப்போருக்குப் படகு திருத்தும் ஓசை புதியதன்று. 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்த இவ்வூரில், உலோக வேலை பலருக்குக் கைவந்த கலை. அங்கு இளைஞன் ஒருவன், படகிலே கயிறு கட்டும் பிடியைப் பொருத்துவதற்காகக் கறையில் உருக்குத் தகடொன்றில் நான்கு துளைகள் இட முனைந்தான். நம் அடுக்களையில் எவர்சில்வர் என வழங்குவதும் இவ்வினத்ததே.

இரண்டு துளைகள் ஒழுங்காக விழுந்தன. மூன்றாவதில் கை களைத்து அழுத்தம் தளர்ந்தது. அலகு கீச்சிட்டது; அதன் முனை நீலம் பாரித்தது. பின்னர் எவ்வளவு அழுத்தியும் மயிரிழையளவும் இறங்கவில்லை. "தகடு பழுது" என்றான். பழுது தகட்டில் இல்லை. அவனே அவ்விடத்தை இறுக்கிவிட்டான்.

எவ்வாறெனக் கேட்பீர்கள். கம்பியொன்றை முன்னும் பின்னும் வளைத்தால் வளைந்த இடம் விறைப்பதைக் கண்டிருப்பீர்கள் அல்லவா? குரோமியம் 18 பங்கும் நிக்கல் 8 பங்கும் கலந்த உருக்குக்கு இக்குணம் மிக அதிகம். அலகு வெட்டினால் சீவல் வெளியேறும். வெட்டாமல் உரைந்தால் அடிப்பரப்பு கடினமாகும். மேலும், சாதாரண இரும்பைப் போல இது வெப்பத்தை விரைந்து கடத்துவதில்லை. சூடு முழுவதும் அலகின் முனையிலேயே தங்கி அதன் கூரை அழித்துவிடுகிறது.

ஆகவே, மெதுவாகச் சுழற்றுக, தளராது அழுத்துக. 6 மில்லிமீற்றர் துளைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 600 சுற்றுகள் போதும். கோபால்ற் கலந்த, 135 பாகை முனையுள்ள கூரிய அலகு சிறந்தது. துளையிடும் புள்ளியைச் சுத்தியலால் ஓங்கிக் குத்தினால் அவ்விடமும் இறுகும். இலேசாகக் குறித்தாலே போதும். உலோகம் வெட்டுதற்குரிய எண்ணெயை இடையறாது விடுக. அலகு மறுபுறம் எட்டும்போது தகட்டைப் பற்றிச் சுழற்றிவிடும். ஆதலால் தகட்டைக் கையாற் பிடியாமல், அடியில் மரக்கட்டை வைத்து இறுகப் பூட்டுக. கையுறையைக் கழற்றுக, கண்ணாடி அணிக.

துளை விழுந்ததும் வேலை முடிந்ததென எண்ணற்க. 1913இல் ஷெபீல்ட் நகரில் ஹரி பிரேர்லி உருவாக்கிய குரோமிய உருக்கு முதலாக, இவ்வினத்தைக் காப்பது கண்ணுக்குத் தெரியாத குரோமிய ஒட்சைட்டுப் படலமே. சாதாரண இரும்பை அராவிய அரத்தாலேயே பிசிறு நீக்கினால், இரும்புத் துகள் துளையின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். உப்புக்காற்றில் அத்துகள் கறள் பிடித்து, அடியிலுள்ள நல்ல உருக்கையும் அரிக்கத் தொடங்கும். எனவே இதற்கெனத் தனி அரம் வைத்து, இறுதியில் நன்றாகக் கழுவித் துடைத்திடுக. கடலுக்குச் செல்லும் உறுப்பாயின் மொலிப்டினம் கலந்த 316 வகையே தக்கது.

இளைஞன் புதிய அலகோடு தகட்டைப் புரட்டி, இறுகாத மறுபுறத்திலிருந்து நிதானமாகத் துளைத்தான். நீண்ட சீவல் சுருண்டு வந்தது. நடுக்கடலில் அந்தப் பிடியை நம்பிக் கயிறு கட்டுபவன் துளையின் விளிம்பைப் பார்க்கப்போவதில்லை. அதைப் பார்க்க வேண்டியவன் கரையில் நின்று துளைத்தவனே.